பட்டுக்குட்டி என்றால் அலறல்

"காதுல ஒரு கோளாறும் இல்லைம்மா. பேர் சொன்னா அழகாத் திரும்புறானே?" என்றார் டாக்டர்.

"பேர் சொன்னா பிரச்சினையே இல்லை டாக்டர். 'பட்டுக்குட்டி'ன்னு கொஞ்சினாத்தான் அழுது ஊரைக் கூட்டுறான். அவங்கப்பா 'டேய் தடியா'ன்னா ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கிறான்." 'பட்டுக்குட்டி' அவன் வயிற்றில் இருக்கும்போதே அம்மா வைத்த செல்லப் பெயர். "என்னையே பிடிக்கலையோ என்னவோ..."

மடியில் இருந்த ஒன்றரை வயதுக்காரன் டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பைச் சப்பிக்கொண்டிருந்தான்.

"எங்கே, இப்ப கூப்பிடுங்க."

"பட்டுக்குட்டி..."

வீலென்று அலறினான். அலறியபடியே இரண்டு கையாலும் தொடையைப் பொத்திக்கொண்டான்.

டாக்டர் மெல்லத் திரும்பி, கதவோரம் நின்ற நர்ஸைப் பார்த்தார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தப்பு என் மேலதான்மா. தடுப்பூசி போடறப்ப பிள்ளைங்க பயப்படக் கூடாதுன்னு, 'பட்டுக்குட்டி'ன்னு கொஞ்சிக்கிட்டேதான் குத்துவேன்."

அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. மகனை இறக்கிவிட்டு, எதிரே உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"பாரு, ஒண்ணுமே இல்லை. பட்டுக்குட்டி..."

அவன் அந்தக் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். பிறகு தொடையை மறந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

அவர்கள் வெளியே வரும்போது, ஊசி அறையில் நர்ஸ் அடுத்த குழந்தையைக் கூப்பிடுவது கேட்டது.

"வாடா என் தடியா!"

இனி அப்பாக்கள் பாடு!