மதிப்புப் போட வருகிறவர்

முக்காலி மேல் ஏறி நின்ற வெர்னீஸ், மாமியாரின் படத்தில் கை வைத்தாள்.

“அம்மாவைத் தொடாதே” என்றார் ஆல்டன், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே.

வீட்டுக்கு மதிப்புப் போட வங்கியின் ஆள் வருகிற நேரம். அவர் போடுகிற மதிப்பைப் பார்த்துத்தான் வீட்டை வாங்குகிறவருக்கு வங்கி கடன் கொடுக்கும். போன மாதம் ஒருவர் வந்து அடிமாட்டு விலை போட்டுவிட்டுப் போனார். வாங்க வந்தவர் நல்ல மனிதர். வேறொரு வங்கியில் கேட்டுப் பார்க்கிறேன் என்று பொறுத்திருக்கிறார். இதுவும் கைவிட்டால் அவரும் கழன்றுகொள்வார்.

அட்லாண்டாவில் மகள் டெனிஸ் இரட்டைக் குழந்தைகளோடு ஒற்றை ஆளாக அல்லாடுகிறாள். வீடு விற்றால்தான் இவர்கள் அங்கே போய்ச் சேர முடியும்.

கறுப்பர் வீடு என்று தெரிந்தாலே மதிப்பு இறங்கிவிடும். கிளீவ்லாந்தில் அந்தப் பக்கத்துக் கறுப்பர்களுக்கு இது பழகிப்போன சடங்கு. மதிப்புப் போட ஆள் வருகிற அன்று குடும்பப் படங்கள் பரணுக்குப் போகும். வீட்டுக்காரர்கள் பின்வாசல் வழியாக எங்காவது போய்விடுவார்கள். தெரிந்த வெள்ளைக்காரர் யாராவது வந்து, தன் வீடு மாதிரி கதவைத் திறப்பார்.

வெர்னீஸ் காலையிலேயே ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்துவிட்டாள், நேற்று வேகவைத்த கீரையும் பன்றிக்கறியும் மணக்கக் கூடாதென்று. குளியலறையில் இருந்த கூந்தல் எண்ணெய் டப்பாக்களை ஒளித்தாயிற்று. எதிர்வீட்டு வெள்ளைக்காரி ஜூடித், மாட்டுவதற்குத் தன் பேரப்பிள்ளைகளின் படங்களை ஒரு பையில் போட்டு எடுத்து வந்து, சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

ஆல்டன்தான் மசியவில்லை.

அவருக்கு இது மானப் பிரச்சினை. ஓய்வு பெறும்வரை அவர் பார்த்ததே இந்தத் தொழில்தான், வீடுகளுக்கு மதிப்புப் போடுவது. வேலை பார்த்த அலுவலகத்தில் சேர்ந்த முதல் கறுப்பர் அவர்.

“மதிப்புப் போடுறவன் கூரையைப் பாப்பான், குழாயைப் பாப்பான், அக்கம்பக்கத்து வீடு என்ன விலைக்குப் போச்சுன்னு பாப்பான். படத்துல உன் மாமியார் போட்டிருக்கிற தொப்பியையா பாக்கப் போறான்?”

“போன மாசம் வந்தவன் எதைப் பாத்தானாம்?”

“அவன் ஒரு கிறுக்கன். கெட்டவன் எங்கேயும்தான் இருப்பான். அதுக்காக அமைப்பே நமக்கு எதிரா நிக்குதுன்னு சொல்லாதே. சட்டம் இருக்கு, விதி இருக்கு, எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“நம்ம வீட்டுப் பாதிரியார் பிரசங்கத்தை ஆரம்பிச்சுட்டார்” என்றாள் வெர்னீஸ், சமையலறைப் பக்கம் பார்த்து.

இது கல்யாணமான நாளிலிருந்து நடக்கிற வழக்கு. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் நடக்கும். மகளின் கல்யாண விருந்தில் நடந்தது. குடலிறக்க ஆபரேஷனுக்குப் போகும்போது தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டே ஆல்டன் வாதாடினார். இருவரும் குரலை உயர்த்தியதில்லை. ஒருவரும் விட்டுக்கொடுத்ததும் இல்லை.

“கெட்டவனைப் பத்தி யாரு பேசினா? நல்லவனே வரட்டும். அந்த நாற்காலியில போய் உக்காந்தா அவனும் நம்ம வீட்டைக் குறைச்சுத்தான் பாப்பான். வேலையே அப்படிப் பழக்கி வச்சிருக்கும். இதைத்தானே நான் இத்தனை வருஷமா கத்துறேன்.”

“அப்ப நானும் அப்படித்தான் பாத்தேங்கிறியா?”

இத்தனை வருட வழக்கில் வெர்னீஸ் ஒருநாளும் காலெடுத்து வைக்காத இடம் அது. பேச்சு அங்கே போய் நின்றதும் அவளுக்கே வருத்தமாகிவிட்டது.

“உன்னைச் சொல்லலப்பா.”

“நான் இருக்கணுமா, வீட்டுக்குப் போகணுமா? யாராவது ஒருத்தர் சொல்லுங்க” என்றாள் ஜூடித், உள்ளேயிருந்து.

வாசலில் கார் வந்து நின்றது.

வெர்னீஸ் முக்காலியில் இருந்தபடியே திரையை விலக்கிப் பார்த்தாள். காரிலிருந்து ஓர் இளைஞன் இறங்கினான். நல்ல கறுப்பு. கழுத்தில் டை, கையில் அளவு நாடா. இறங்கியதும் நிமிர்ந்து கூரையைத்தான் பார்த்தான்.

அவளுக்கு உயிர் வந்தது.

“நம்ம பையன், ஆல்டன். அப்பாடா. நம்ம பையனையே அனுப்பியிருக்காங்க.” முக்காலியிலிருந்து இறங்கிவிட்டாள். “சரி, நீயே ஜெயிச்சே. படமெல்லாம் அதது இடத்துல இருக்கட்டும். நீயே போய்க் கதவைத் திற. ஜூடித், நீ நிம்மதியா இன்னொரு காப்பி குடி.”

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் தோற்றதை ஒத்துக்கொண்டிருக்கிறாள். இதை வைத்து ஒரு வருடமாவது கேலி பேசுவார் என்று நினைத்து அவள் முன்கூட்டியே சிரித்தாள்.

ஆல்டன் சிரிக்கவில்லை. எழுந்து ஜன்னலுக்கு வந்தார். வெளியே அந்தப் பையன் டையைச் சரிசெய்துகொண்டான். சட்டையில் இல்லாத தூசியைத் தட்டினான். யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்று முகத்தைத் துடைத்து வைத்த மாதிரி வைத்துக்கொண்டான். ஆல்டன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு முக்காலியில் ஏறினார்.

அம்மாவை எடுத்தார். டெனிஸின் பட்டமளிப்புப் படத்தை எடுத்தார். கல்யாணப் படத்தையும் எடுத்தார். ஒவ்வொன்றாக வெர்னீஸின் கையில் அடுக்கினார்.

“என்ன பண்றே நீ? நம்ம பையன்னு சொல்றேன்ல?”

அழைப்புமணி அடித்தது. கதவைத் திறக்கச் சொல்லி ஜூடித்துக்குத் தலையை அசைத்துவிட்டு, மனைவியின் தோளைப் பிடித்துப் பின்வாசல் பக்கம் திருப்பினார் ஆல்டன்.

“நம்ம ஆளுங்க வீட்டுக்கெல்லாம்,” என்றார் மெதுவாக, “நானும் நம்ம பையனாத்தான் போனேன், வெர்னீஸ். போயும் அப்படித்தான் பாத்தேன்.”