ஓய்வு பட்டனைத் தொடாத ஆள்

"எல்லாம் சரி, இந்த ஆளு ஏன் ஓய்வு பட்டனைத் தொடவே மாட்டேங்கிறான்?"

திரையைப் பார்த்துப் புலம்பினான் அவன். காலையிலிருந்து அதே நாற்காலி, அதே லேப்டாப். கண் எரிந்தது, கழுத்து பிடித்துக்கொண்டது.

இருந்த வேலையை விட்டுவிட்டு அவன் எழுதிய வலைச்செயலி அது. கொஞ்ச நேரம் வேலை, மணி அடித்ததும் கொஞ்சம் ஓய்வு, மறுபடி வேலை என்று மனுஷனை ஒழுங்குபடுத்துகிற டைமர். ரியாக்ட், அனிமேஷன் என்று சந்தைக்கு வந்த புதுசு எதையும் விட்டுவைக்காமல் பார்த்துப் பார்த்து இழைத்திருந்தான்.

இழைத்து என்ன புண்ணியம்? ஆசைக்கு எட்டிப் பார்த்த நண்பர்கள் எல்லாம் நைசாகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது ஒரே ஒரு ஆள். செயலி பேர் கேட்காது, ஊர் கேட்காது என்பதால் யார், எவர் என்று தெரியாது. பொழுது விடியும்போது தொடங்கினால் அடையும்வரை ஓட்டம்தான். மணி அடித்த கையோடு மறுபடி 'தொடங்கு'. இந்தப் புண்ணியவானும் போய்விட்டால் கடையை மூடிவிட்டுப் பழைய ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

"ஏங்க, நேரமாச்சு. அத்தையைப் புரட்டிப் படுக்க வைக்கணும், விட்டா முதுகு புண்ணாயிடும். ஒரு கை பிடிங்களேன்."

மனைவி கதவில் சாய்ந்து நின்றாள். குரல் பாதிதான் வந்தது.

"அட இரும்மா! பட்டன்ல ஏதோ கோளாறு. இருக்கிற ஒருத்தனும் ஓடிடப் போறான்."

"சரி, நானே பாத்துக்கறேன்." வழக்கம்போல அவளே போனாள்.

அந்தப் பட்டனை அடியோடு அழித்துவிட்டுப் புதிதாக எழுதினான். போனில் அமுக்கிப் பார்த்தான், லேப்டாப்பில் அமுக்கிப் பார்த்தான். பழுது ஒன்றும் இல்லை. அப்படியென்றால் அந்த ஆள்தான் வீம்புக்கு உடம்பைக் கெடுத்துக்கொள்கிறான்.

அவனுக்குப் பாவமாக இருந்தது. எவனோ ஈரமில்லாத ஒரு முதலாளி சக்கையாகப் பிழிகிறான் போலிருக்கிறது! மனது கேட்காமல், அந்த ஆளின் திரையில் தெரியும்படி ஒரு செய்தி அனுப்பினான்.

"இப்படி ஓயாம உழைச்சா உடம்பு என்னத்துக்கு ஆகும்? மணி அடிச்சா கொஞ்சம் ஓய்வெடுக்கக் கூடாதா?"

பக்கத்து அறையில் கட்டில் கிறீச்சிட்டு அடங்கியது. கொஞ்ச நேரத்தில் பதில் வந்து விழுந்தது. முதல்முதலாக ஒரு வாடிக்கையாளர் பேசுகிறார்! ஆவலோடு திறந்தான்.

"நான் ஓய்வெடுத்தா, உங்கம்மாவை யாருங்க பாத்துக்கறது?"