ஆயிரத்து அறுபது கோடிப் பேர்

சுசீலா ஓர் அஞ்சலட்டையைக் கஸ்தூரியிடம் நீட்டினாள்.

"இதே மாதிரி பதிமூணு பேருக்கு எழுதிப் போடணுமாம் அக்கா. ஏழு நாளைக்குள்ள போடலைன்னா குடும்பத் தலைவருக்கு ஆபத்தாம்."

கஸ்தூரி அவளை உள்ளே கூட்டிப்போனாள். ஆவடி டாங்கி ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. சுசீலாவின் கணவர் ஃபாக்டரி வண்டிகளின் சோதனைக்காக ராஜஸ்தான் போயிருந்தார். பத்து நாளாகக் கடிதம் இல்லை.

கஸ்தூரியின் கணவர் இராமகிருஷ்ணன் கணக்குப் பைத்தியம். கார்டை வாங்கிப் படித்துவிட்டு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெருக்க ஆரம்பித்தார்.

"பதிமூணு பேரும் ஆளுக்குப் பதிமூணு போட்டா நூத்தி அறுபத்தொம்பது. இப்படியே போனா ஒன்பதாவது சுற்றுல எவ்வளவு தெரியுமா?"

10604499373 என்று எழுதி அடிக்கோடிட்டார்.

"ஆயிரத்து அறுபது கோடிக்கு மேல. உலகத்து ஜனமே ஐந்நூறு கோடிதான். அப்போ எத்தனை பேர் இதைக் கிழிச்சுப் போட்டிருக்கணும்? அத்தனை பேருக்குமா ஆபத்து வந்துச்சு?"

சுசீலா அந்த எண்ணையே பார்த்தாள்.

"இதுல ஒரு வேடிக்கை. பதிமூணால வகுத்துக்கிட்டே போ. மீதியே விழாது. ஒன்பதாவது தடவை ஒண்ணுல வந்து நிக்கும். யாரோ ஒருத்தர் ஆரம்பிச்சு வச்ச வேலைம்மா. கிழிச்சுப் போடு."

அவள் கிழிக்கவில்லை. ஆறாம் நாள் காலையில் மறுபடி வந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

"கணக்கு புரியுதுண்ணா. மனசுதான் கேக்கலை. எழுதலாம்னாலும் யாருக்கு அனுப்பறது? அவங்களும் என்னை மாதிரி சோறு இறங்காமத்தானே கிடப்பாங்க?"

 இராமகிருஷ்ணன் கார்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"உன் பேருல நானே எழுதி இன்னிக்கே போட்டுடறேன். நீ போய்ச் சாப்பிடும்மா."

அவள் போனதும் கஸ்தூரி பொரிந்தாள்.

"ஊருக்குத்தான் உபதேசமா? பதிமூணு குடும்பத்து வயித்துல புளியைக் கரைக்கப் போறீங்களே, இது நல்லாயிருக்கா?"

அவர் பேனாவுக்கு மை போட்டார். அதோடு கஸ்தூரி அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அதிலிருந்து மூன்றாம் நாள் தபால்காரர் துலுக்கானம் வந்தார். சுசீலாவுக்கு ராஜஸ்தானிலிருந்து கடிதம். அவள் வாசலிலேயே உட்கார்ந்து, அழுதுகொண்டே படித்தாள்.

"இன்னாம்மா, சாருக்கு ஒரே நாள்ல இத்தினி கார்டு வந்துகீது" என்று துலுக்கானம் ஒரு கட்டைக் கஸ்தூரியிடம் நீட்டினார்.

மேலே இருந்த கார்டைப் படித்தாள். 'குடும்பத் தலைவருக்கு ஆபத்து.' அடுத்ததிலும் அதே. எல்லாவற்றிலும் அதே.

அவசரமாக விலாசப் பக்கத்தைத் திருப்பினாள்.

பதிமூன்று கார்டிலும் அவள் கணவரின் எழுத்து. பதிமூன்றிலும் அவர் எழுதியிருந்தது அவருடைய பெயரையேதான்.