துக்கப் பணம்

சாவு வீட்டில் சேர்ந்த பணத்தைத் தர்மத்துக்குக் கொடுத்து, அட்டையில் செய்த பெரிய செக்கோடு நின்று பேப்பரில் படம் போடுவது மலேசியாவின் சிபு ஊர் வழக்கம். ஹீயும் மனைவி சியூ கியோங்கும் அதற்குத்தான் ஊர்ச் சீனர் சங்கத்துக்கு வந்திருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்கு வாங்குற புற்றுநோய் மெஷின் நிதிக்குத்தானே, அண்ணே?" என்றார் செயலாளர் திங்.

ஹீ தலையை மட்டும் ஆட்டினார்.

"மெஷின் எப்ப வருமாம்?" என்றாள் சியூ கியோங்.

"ரெண்டு வருஷமாவது ஆகும், அக்கா. அதுவரைக்கும் வைத்தியத்துக்குக் கூச்சிங் நகரத்துக்குத்தான் ஓடணும்."

"ஓடினோமே. பஸ்ஸுல எட்டு மணி நேரம், முதுகே போச்சு."

"அண்ணனோட அம்மாவுக்கா? பாவம்." திங் பேனாவை எடுத்தார். "இறந்தவங்க பேரு?"

ஹீ சுவரைப் பார்த்தார்.

"என் பேர எழுதுங்க, தம்பி," என்றாள் சியூ கியோங். "தேதிய மட்டும் விட்டுடுங்க. நான் போனப்புறம்னா இந்த மனுஷன் தனியா நின்னு படமெடுத்துக்க மாட்டாரு."