சத்தம் போடாத கீபோர்டு

"அதுல சத்தமே வராதா? இன்னொரு தடவை சொல்லுங்க!"

குடியிருப்போர் சங்கச் செகரெட்டரி தன் காதைக் கடைக்காரர் வாய்க்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தார்.

"வராது சார். இது மிடி கன்ட்ரோலர். கட்டையை அழுத்தினா கம்ப்யூட்டருக்குத் தகவல்தான் போகும். ஹெட்போன் மாட்டினவருக்கு மட்டும் பாட்டு கேட்கும். பக்கத்துல உக்காந்திருக்கிற ஆளுக்குக்கூட ஒண்ணும் கேட்காது."

செகரெட்டரிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கூட வந்த பொருளாளர் கடைக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

விஷயம் இதுதான். அவர்களுடைய அடுக்குமாடியில், செகரெட்டரி வீட்டுக்கு நேர் மேலே ஒரு மெட்டுக்காரர் குடியிருக்கிறார். விளம்பரங்களுக்கு மெட்டுப் போடுவது தொழில். படுக்கையறையில் பாதியை ஸ்டூடியோ ஆக்கி வைத்திருக்கிறார். தங்கமான மனுஷன்தான். ஆனால் சாயங்காலம் ஆனால் போதும், ஸ்பீக்கர் வைத்த பழைய கீபோர்டில் டமடமவென்று ஆரம்பித்துவிடுவார். அரை மணி நேரம் கட்டடமே அதிரும். அப்புறம் கப்சிப்.

நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் செகரெட்டரி பெரிய மனுஷன் ஆச்சே! அடுத்த மாதம் குடியிருப்போர் சங்கத் தலைவர் தேர்தலில் வேறு நிற்கிறார். ஒவ்வொரு கூட்டத்திலும், "எங்க வீட்டைப் பாருங்க, குண்டூசி விழுந்தாக் கேட்கும். குடும்பம்னா அப்படி இருக்கணும்!" என்று முழங்குகிறவர். போய்ச் சண்டை போட்டால் பேர் கெட்டுவிடாதா? பாம்பும் சாகணும், தடியும் உடையக் கூடாது. யோசித்துப் பார்த்தவர், ஒரு பாராட்டு விழா வைத்து, சத்தமில்லாத கீபோர்டு ஒன்றைப் பரிசாகக் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டார்.

"எத்தனை கட்டை சார் வேணும்? சின்னதுல இருபத்தஞ்சு, பெருசுல அறுபத்தொண்ணு."

"சின்னதே போதுமே" என்றார் பொருளாளர்.

"யோவ், சின்னதைக் குடுத்தா பழசையும் பக்கத்துலயே வெச்சுக்குவான்! பெருசா வாங்கு. மேசையில ஒரு கர்ச்சீப் வைக்கக்கூட இடம் இருக்கக் கூடாது."

"பியானோ மாதிரி கனமான கட்டையா, லேசான கட்டையா சார்? கை பழகினவங்க கனமானதைத்தான் விரும்புவாங்க."

செகரெட்டரி கனமான கட்டையில் ஓங்கி ஒரு குத்து விட்டு, மேசைமேல் காதை வைத்துக் கேட்டார்.

"டொக்குங்குது. வேணாம், லேசானதே குடுங்க."

வாத்தியத்தில் சத்தம் வருகிறதா என்று பார்த்து வாங்குகிறவர்களைத்தான் கடைக்காரர் இத்தனை காலமும் பார்த்திருக்கிறார். ஒன்றும் புரியாமல் பெட்டியைக் கட்டிக் கொடுத்தார்.

விழாவில் செகரெட்டரி மைக்கைப் பிடித்தார்.

"நம்ம கட்டடத்தின் இசை ரத்தினமே! உங்க வாசிப்பைக் கேட்காட்டி எங்களுக்குப் பொழுதே போகாது!"

எல்லாரும் மனதாரக் கைதட்டினார்கள். நாளையிலிருந்து கேட்க வேண்டாமே! ஆனால் மெட்டுக்காரர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். சங்கடமாக நெளிந்தார்.

"சார், எனக்கு எதுக்கு சார் இதெல்லாம்? நல்லா யோசிச்சுத்தான் குடுக்கறீங்களா?"

"அடடா, என்ன ஒரு தன்னடக்கம்!"

"அப்ப பழசும் இருக்கட்டும் சார். தேவைப்படும்."

"எதுக்குத் தம்பி, இடத்தை அடைச்சுக்கிட்டு? ஒரு இசைப்பள்ளிக்குத் தர்றதா வாக்கு குடுத்துட்டேன்" என்ற செகரெட்டரி, சொன்ன கையோடு ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டும் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம். மாடியிலிருந்து ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. செகரெட்டரி கால்மேல் கால் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். ஆஹா, என்ன நிம்மதி!

வீட்டுக்காரம்மா வேலையிலிருந்து திரும்பினார். பகலெல்லாம் கஸ்டமர் கேரில், "மன்னிக்கணும் சார், இதோ பார்க்கறேன் சார்" என்று யார் யாரிடமோ குழைந்துவிட்டு வருகிறவர்.

"ஏங்க, நான் ஒருத்தி உழைச்சுக் களைச்சு வர்றேன், மகாராஜா மாதிரி உக்காந்திருக்கீங்க? குடிச்ச டம்ளரைக் கழுவி வைக்கத் துப்பில்ல, அறுபது வீட்டை நிர்வாகம் பண்றாராம்! துவைச்ச துணி அப்படியே ஈரமாக் கிடக்கு. ஊருக்குப் பேசற வாய் வீட்டுல எங்க போச்சு? இந்த லட்சணத்துல தலைவர் பதவி வேற கேக்குதாக்கும்!"

செகரெட்டரி வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டார். தினப்படி பூஜைதானே! நாலு சுவருக்குள் நடப்பது வெளியே யாருக்குத் தெரியப்போகிறது? டம்ளரைக் கழுவினார். துணியைக் காயப்போட்டார். குப்பைக் கூடையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தார்.

மாடிப்படியில் ஒரு கூட்டமே நின்றுகொண்டிருந்தது.

"டம்ளர் கழுவியாச்சா சார்?" என்றார் பொருளாளர், சிரிப்பை அடக்க முடியாமல்.

"பாவம், துணி வேற ஈரமாக் கிடந்துச்சாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். குபீரென்று எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

செகரெட்டரிக்கு உடம்பெல்லாம் கூசியது. தேர்தலும் போச்சு, மானமும் போச்சு! கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெட்டுக்காரர் ஓடி வந்து, அவர் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டு, ஓரமாக அழைத்துப் போனார்.

"தம்பி, இவங்களுக்கெல்லாம் எப்படித் தெரிஞ்சுது?"

"உங்க பாத்ரூம் ஜன்னலுக்கு வெளியில குழாய் போற சந்து இருக்கில்ல சார்? அது வழியா உங்க வீட்டுப் பேச்சு அத்தனை மாடிக்கும் கேட்கும். நீங்க குடிவந்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் அக்கா வண்டி வந்து நின்னதுமே, பழைய கீபோர்டைத் தூக்கி அந்தச் சந்துப் பக்கமா வெச்சு வாசிக்க ஆரம்பிச்சுடுவேன்."

"அப்ப... அதெல்லாம் உங்க தொழிலுக்காக வாசிச்சதில்லையா?"

"தொழிலுக்கா? என் வேலையெல்லாம் எப்பவுமே ஹெட்போன்லதான் சார்."