கல்யாணக் குதிரை

“ஏன்யா, இது குதிரையா, கொலு பொம்மையா?”

ஜெயந்த் போட்ட சத்தத்தில் யமுனைக் கரைக் கொக்குகளெல்லாம் எழுந்து பறந்தன. குதிரை மட்டும் நகரவில்லை.

அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. நண்பனின் மானத்தைக் காக்கப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் ஒரு மாவீரனின் கதை அது. நாலு பாகச் சரித்திர நாவல். ஜெயந்த் பதினோரு தடவை படித்தவன். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, மயூர் விஹார் நண்பர்களை வைத்து அதைக் குறும்படமாக எடுக்கிறான்.

நாவலில் பத்தாயிரம் வீரர்கள். இவனிடம் ஒன்பது பேர். வாள்களெல்லாம் தெர்மாகோல், மேலே வெள்ளித்தாள். குதிரை ஒன்றே ஒன்று. அதுவும் கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் பாண்டுக் கம்பெனிக் குதிரை. மத்தியானம் அதற்கு முகூர்த்தம் இருக்கிறது.

மாவீரன் அர்விந்த் ஒட்டுமீசையோடு குதிரைமேல் இருந்தான். கொஞ்சம் தள்ளி, மடக்கு நாற்காலியில் வருங்கால மாமனார் கோபாலன். பக்கத்தில் மகள் மானசா. அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளையின் வீரத்தைப் பார்க்க இட்லி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

“ஆக்‌ஷன்!”

குதிரைக்காரன் சேட்டு இங்கே பிழைக்க வந்த தமிழ் ஆள்தான்; குதிரையிடம் மட்டும் இந்தி. அதன் கழுத்தைத் தட்டினான். “சல் பிஜ்லி, சல்!”

பிஜ்லி என்றால் மின்னலாம். மின்னல் கொட்டாவி விட்டது.

“மேளம் அடிச்சாத்தான் நவுரும் சார். கல்யாணக் குதிரை இல்லியா?”

“எதிரி கோட்டைக்குள்ள மேளம் அடிச்சுக்கிட்டா போவாங்க?”

ஒன்பது வீரர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“மாப்பிள்ளை கம்பீரமாத்தான் உட்கார்ந்திருக்கார். குதிரைதான் சரியில்லை” என்றார் கோபாலன்.

“என்ன பண்றது அங்கிள்!” என்று அர்விந்த் உதட்டைப் பிதுக்கினான்.

மூன்றாவது டேக்கும் வீணானது. ஜெயந்துக்குப் பொறுக்கவில்லை. பாண்டு முதலாளிக்கே போன் போட்டு, இந்தியில் கிழி கிழியென்று கிழித்தான். பிறகு போனைச் சேட்டுவிடம் நீட்டினான்.

“அச்சா ஜி... அச்சா ஜி...” சேட்டு தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். மத்தியான முகூர்த்தத்துக்கு வேறு ஆளும் வேறு குதிரையும் போகும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

‘வேணும் இவனுக்கு’ என்று நினைத்துக்கொண்டான் ஜெயந்த்.

பிறகென்ன? அர்விந்தை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏற்றி, இடுப்புக்கு மேல் மட்டும் தெரியும்படி கேமராவை வைத்து, மேலும் கீழும் குதிக்கச் சொன்னார்கள். வீரன் ஒருவன் அட்டையை வீசிக் காற்று வரவழைத்தான். ஸ்டூல் சொன்ன பேச்சைக் கேட்டது. அர்விந்த் வாளைச் சுழற்றி ஒரு கர்ஜனை விட்டான் பாருங்கள், கோபாலன் எழுந்து நின்று விசிலே அடித்துவிட்டார்!

பேக்கப் ஆகி எல்லோரும் கிளம்பிய பிறகுதான் ட்ரைபாடை மறந்தது ஜெயந்துக்கு நினைவு வந்தது. திரும்பி ஓடினான்.

கரையில் சேட்டு பிஜ்லிமேல் தாவி ஏறுவது தெரிந்தது. நாக்கால் ‘டக்’கென்று ஒரு சத்தம் கொடுத்தான். அவ்வளவுதான், மணல் பறக்க நாணல் காட்டு ஓரமாக நிஜமாகவே மின்னல் பாய்ந்தது.

ஜெயந்த் கையை ஆட்டிக் கத்தினான். “யோவ், நில்லு!”

சேட்டு திரும்பி வந்து இறங்கினான்.

“மேளம் எங்கய்யா? இப்ப மட்டும் எப்படி ஓடுது?”

சேட்டு அசடு வழிந்தான். “அது எப்பவும் ஓடும் சார். நாக்கைத் தட்டணும். நான்தான் தட்டல.”

“என் படத்தையே கெடுத்தியே! உனக்கும் முகூர்த்தம் போச்சு. எதுக்குய்யா இப்படிப் பண்ணே?”

சேட்டு பிஜ்லியின் பிடரியைத் தடவினான்.

“ஏறி உக்காந்ததுமே அவரு முட்டி ரெண்டும் வெடவெடன்னு நடுங்கிச்சி சார். பன்னண்டு வருசமா மாப்ளைங்கள ஏத்துறேன், எனக்குத் தெரியாதா? மாமனார் எதிர்ல வுழுந்தா அவருக்கு ஆயுசுக்கும் அசிங்கம்... குதிரை சரியில்லன்னா எங்களுக்கு ரெண்டு திட்டு, ஒரு முகூர்த்தம், அவ்ளோதான சார்!”