வளைந்த மணிக்கட்டு

பழைய கார்களைப் படத்தைப் பார்த்தே அடையாளம் சொல்வது என் வேலை. ஞானவடிவேல் வணக்கம்கூடச் சொல்லாமல் புகைப்படத்தை என் மேசையில் போட்டார். கூரையில்லாத பந்தயக் கார். ஸ்டீயரிங்கில் முகமெல்லாம் புழுதியோடு ஒருவர். காரின் மூக்கருகே கோட்டுப் போட்ட இன்னொருவர் நின்றிருந்தார்.

"நிக்கிறது எங்க தாத்தா. கார் அவருது. உக்காந்திருக்கிறவன் டிரைவர். அப்படியே எழுதிக் குடுங்க, மண்டபத்துல மாட்டணும்."

"இவர்தான் தாத்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"வலது மணிக்கட்டு வளைஞ்சிருக்கு பாருங்க. குதிரையிலருந்து விழுந்தது. ஊருக்கே தெரியும்."

அந்த அடையாளத்தை அவராகவே எடுத்துக் கொடுத்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

"அந்தக் காலத்துப் பந்தயத்துல பெரும்பாலும் கார் முதலாளியேதான் ஓட்டுவார். முன்னால நிக்கிறவர் கம்பியைச் சுத்தி இன்ஜினைக் கிளப்புற ஆள். அவர் கை அந்தக் கம்பி மேலதான் இருக்கு. இன்ஜின் கிளம்புறப்ப கம்பி திருப்பி உதைச்சா, சுத்துறவர் மணிக்கட்டுதான் உடையும்."

என் கையிலிருந்து லென்ஸைப் பிடுங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு நின்றிருந்தவரின் முகத்தைக் கட்டைவிரலால் அழுத்தி மறைத்தார்.

"இது எங்க தாத்தாவே இல்ல," என்றார். "அவருக்கு ரெண்டு கையும் நல்லாத்தான் இருந்துச்சு."